அடையாள அட்டை நகலைத் திரும்பப் பெறுவது எப்படி?

வணக்கம். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் மகனைத் துணைப்பாட நிலையம் ஒன்றில் சேர்க்கப் போயிருந்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. முகப்பில் இருந்த பெண் என் அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் நகல் எடுத்துக்கொண்டார். "எல்லாரும் கொடுப்பாங்க" என்றார். நானும் யோசிக்காமல் விட்டுவிட்டேன், என் தப்புதான். மறுவாரத்திலிருந்து காப்புறுதி, கடன் என்று ஒரே அழைப்புகள். அங்கிருந்துதான் என் தொலைபேசி எண் போனது என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் படித்தேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டால் அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தால் தவிர, தனியார் நிறுவனங்கள் அட்டை எண்ணையோ நகலையோ வாங்கக் கூடாதாம். கணக்குப் பாடத்துக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு?

ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கேட்டேன், "பாஸ் ஊர்ல இல்ல" என்று பதில் வந்தது.

சம்மதத்தை மீட்டுக்கொள்வதாகக் கடிதம் எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன வாசகம் போட்டீர்கள்? நகலை அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்க முடிந்ததா? இல்லை, நேராகத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்வதுதான் நல்லதா? விளம்பர அழைப்புகளுக்கு, "அழைக்க வேண்டாம்" (Do Not Call) பதிவேட்டில் எண்ணை ஏற்கெனவே பதிந்துவிட்டேன்.

மகன் இன்னும் அங்கேதான் படிக்கிறான், அதனால் சண்டை போடாமல் முடிக்கப் பார்க்கிறேன்.