காய்ச்சலே இல்லாத தீவில கிணத்துக்கை மீன் எதுக்கு?

நெடுந்தீவான்:
கோவத்திலதான் எழுதுறன். பிழையெண்டால் சொல்லுங்கோ. போன கிழமை எங்கட வீட்டுக்கு ரெண்டு பேர் வந்து, குடிதண்ணிக் கிணத்துக்கை, நுளம்புக் குடம்பியைத் தின்னுற கப்பி மீனை ஊத்திப்போட்டுப் போட்டினம். அம்மா அடுப்படியால எட்டிப் பாக்கிறதுக்கிடையில வேலை முடிஞ்சுது. "மலேரியா நுளம்புக்கு" எண்டு ஒரு சொல்லுத்தான். தீவில நல்ல தண்ணிக் கிணறு எண்டால் என்னெண்டு தீவாருக்குத் தெரியும். சுவாமிக்கு வைக்கிற தண்ணியும் அதிலதான். அண்டையில இருந்து அம்மா குடத்தோட பக்கத்து வளவுக்கு நடக்கிறா.

மற்றது, தமிழ்நாட்டு முகாமில இருந்து திரும்பி வந்த மாமான்ர மகனுக்கு மலேரியா பாக்க விரலில குத்தி ரத்தம் எடுத்தவை. மூண்டு மாசம். ஒரு மறுமொழியும் இல்லை.

இலங்கைக்குள்ளயே பரவிக்கொண்டிருந்த மலேரியா கடைசியா வந்தது 2012 ஒக்ரோபரில. 2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனமே மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் குடுத்திட்டுது. யாழ்ப்பாணத்தில இப்ப ஆக்களைப் படுக்கையில போடுறது டெங்கு. இல்லாத நோய்க்கு எங்கட கிணறு ஏன்?

பழைய தெளிகாரன்:
தம்பி, கேக்காமல் கிணத்தில கை வைச்சது பிழை. அதில ரெண்டு கதை இல்லை. ஆனா "இல்லாத நோய்" எண்டதை என்னால விழுங்கேலாது. 1963இல நாடு முழுக்கப் பதிவான மலேரியா 17 பேருக்குத்தான். பதினேழு! முடிஞ்சுது எண்டு தெளிக்கிறதை விட்டினம், ரத்தம் பாக்கிறதும் தளர்ந்துது. 1969இல 5 லட்சம் தாண்டிச்சுது.

நான் தொண்ணூறுகளில முதுகில பம்பு கட்டிக்கொண்டு வீடு வீடா மருந்து தெளிச்சவன். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் வரும். பாய், சாக்கு, கிடக்கிற துணி எல்லாத்தையும் மேல போட்டாலும் ஆள் நடுங்கிற நடுக்கத்தில கட்டில் கால் நிலத்தில தட்டுற சத்தம் கேக்கும். 2000ஆம் ஆண்டு மட்டும் நாட்டில 2 லட்சம் பேருக்கு மேல. உங்கட வயசுக்கு அது தெரியாமல் போனது எங்கட வேலையின்ர பலன்தான்.

நெடுந்தீவான்:
ஐயா, உங்கட உழைப்பைக் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா அந்தக் காலத்து மலேரியாவைப் பரப்பினது, ஆறு வத்தேக்கை படுக்கையில தேங்கிற குட்டைகளில பெருகிற நுளம்பு. நெடுந்தீவில ஆறு எங்கை இருக்கு? அனுராதபுரத்துக் கணக்கை எங்கட பவளக்கல் மதிலுக்கை கொண்டுவந்து போடுறது சரியோ?

விலங்கியல் மாணவி:
அண்ணா, 2016 வரைக்கும் உங்கட கேள்விக்கு நான் மறுமொழி சொல்லக் கஷ்டப்பட்டிருப்பன். அந்த வருசக் கடைசியில மன்னாரில வேற ஒரு நுளம்பு அம்பிட்டுது: அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்தியாவில நகர மலேரியாவைப் பரப்புறது அதுதான். அதுக்கு ஆறு தேவையில்லை. கிணறு, சீமெந்துத் தொட்டி, கூரைத் தாங்கி காணும். பிறகு யாழ்ப்பாணத்திலயும் கண்டுபிடிச்சாச்சு. எங்கட குடாநாட்டில கிணறில்லாத வளவு எத்தினை?

ஆபிரிக்காவில இருக்கிற ஜிபூட்டியைப் பாருங்கோ. மலேரியா கிட்டத்தட்ட ஒழிஞ்ச நாடு. 2012இல பதிவானது 27 பேர். அந்த வருசம்தான் இந்த நுளம்பை அங்கை கண்டது. 2020இல 73,000 தாண்டிச்சுது.

நுளம்பு மட்டும் இருந்தால் நோய் வராதுதான். ஒட்டுண்ணி உள்ள ஒரு ஆளைக் கடிக்கோணும், அது நுளம்புக்குள்ள பத்துப் பன்ரெண்டு நாள் வளரோணும், பேந்து மற்றவரைக் கடிக்கோணும். 2018 கடைசியில மொனராகலையில அப்பிடித்தான் நடந்தது. வெளியில இருந்து வந்த ஒருத்தரின்ர ஒட்டுண்ணி உள்ளூர் ஆளுக்குத் தொத்திச்சுது. கெதியாக் கண்டுபிடிச்சதால அதோட நிண்டுது.

கடல்காத்து:
தங்கச்சி, நான் தொழிலுக்குப் போறவன். சில வருசத்துக்கு முந்தி எங்கட கரைக்கு வந்து, ஏத்திக் கிடந்த வள்ளத்துக்கை நிண்ட தண்ணியை அகப்பையால அள்ளி, உப்பளந்து, போத்திலில கொண்டு போச்சினம். ஏன் எண்டு கேட்டனான். ஆராய்ச்சி எண்டு சொல்லிச்சினம். அவ்வளவுதான். தீவார் எண்டால் வந்து எடுத்துக்கொண்டு போற இடமோ?

விலங்கியல் மாணவி:
உங்களிட்டை எடுத்தது எந்த ஆய்வுக்கு எண்டு தெரியாமல் சொல்லக்கூடாது. ஆனா உப்பு ஏன் அளக்கிறது எண்டு சொல்லுறன். டெங்கு நுளம்பு நல்ல தண்ணியிலதான் முட்டையிடும் எண்டுதான் எல்லாரும் படிச்சது. லீற்றருக்கு 15 கிராம் வரைக்கும் உப்புள்ள தண்ணியில அதின்ர குடம்பி வளருது எண்டு காட்டினது வடக்குக் கரையோரத்தில நடந்த ஆய்வு. கிட்டத்தட்ட அரைக் கடல்தண்ணி! "சவர்த்தண்ணிதானே" எண்டு கரையை விட்டிட்டு ஊருக்குள்ள மட்டும் தேடினால் பாதி வேலை வீண்.

கடல்காத்து:
இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே வள்ளத்தைக் கவிட்டு வைச்சிருப்பன்.

விலங்கியல் மாணவி:
அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை அண்ணா.

சுன்னாகத்தான்:
மீன் பிடிக்காட்டில் குடம்பியைக் கொல்லுற அபேற் மருந்து போடலாம்தானே?

பழைய தெளிகாரன்:
போடலாம். ஆனா திரும்பத் திரும்பப் போடோணும், மணம் எண்டு சனம் அடுத்த நாளே இறைச்சு விட்டிடும். மீன் குட்டி போட்டுக்கொண்டு நிக்கும். ஒண்டு மட்டும்: கப்பியைக் கேணிக்கோ குளத்துக்கோ விடாதேங்கோ. எங்கட சின்ன மீன்களை அது இருக்க விடாது.

தம்பி, மாமான்ர மகன்ர விசயம். வருத்தம் இருந்திருந்தால் தேடி வந்திருப்பினம். வராட்டில் இல்லை எண்டுதான் அர்த்தம்.

நெடுந்தீவான்:
அது மறுமொழி இல்லை ஐயா. ஆஸ்பத்திரிக்காரர் பேசாமல் இருந்தால் சுகம் எண்டு நாங்கள் எப்பிடி எடுக்கிறது? பெடியன் வெளிக்கிட்டால் காய்ச்சலோ எண்டு மாமி நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறா.

விலங்கியல் மாணவி:
இதில நான் நெடுந்தீவான் அண்ணாவின்ர பக்கம். வைவாக்ஸ் எண்ட மலேரியா ஒட்டுண்ணி வகை ஈரலுக்குள்ள மாசக்கணக்கா உறங்கிக் கிடக்கும். அண்டைக்கு எடுத்த ரத்தத்தில ஒண்டும் தெரியாமல் இருந்து, ஆறு மாசத்தால காய்ச்சலா வரலாம். ஈரலில உள்ளதை அழிக்க பிறைமாகுயின் எண்ட மருந்து தனியா வேணும். அதால அந்தத் தம்பிக்கு எப்ப காய்ச்சல் வந்தாலும் டொக்டரிட்டை முதல் சொல்லே "நான் இந்தியாவில இருந்து வந்தனான், மலேரியா பாருங்கோ" எண்டதா இருக்கோணும். சொல்லாட்டில் டெங்குக்கு மட்டும் பாத்து விட்டிடுவினம். குத்தேக்கை இதைச் சொல்ல ரெண்டு நிமிசம் போதும்.

பழைய தெளிகாரன்:
சரி. அதில நான் சொன்னது பிழை. எங்கட காலத்திலயும் குத்திப்போட்டு அடுத்த படலைக்கு ஓடினதுதான்.

நெடுந்தீவான்:
நன்றி தங்கச்சி, மாமிக்கு இப்பவே அடிச்சுச் சொல்லுறன். கிணத்து விசயத்தில நான் இன்னும் மாறேல்லை. எங்கட கிணத்தில நுளம்பு இருக்கெண்டு ஆர் பாத்தது?

விலங்கியல் மாணவி:
நீங்களே பாருங்கோ. வெள்ளை வாளியில மெதுவா அள்ளி, நிழலில வைச்சுக் கொஞ்சநேரம் அசையாமல் நில்லுங்கோ. டெங்கு நுளம்பின்ர குடம்பி தலைகீழாத் தொங்கும், வால்பக்கக் குழாய் மட்டும் மேல தொடும். மலேரியா வகைக்கு அந்தக் குழாய் இல்லை. உமித்துண்டு மிதக்கிற மாதிரித் தண்ணிமட்டத்தோட கிடையாக் கிடக்கும், நிழல் விழுந்தால் பின்பக்கமா விலகும்.

நெடுந்தீவான் (ரெண்டு நாளுக்குப் பிறகு):
என்ர சொந்தத் தங்கச்சி பாத்திட்டு வீடியோ அனுப்பினவள். கிணத்தில ஒண்டும் இல்லை, மீன் திண்டுதோ முந்தியே இல்லையோ தெரியாது. தோட்டத்துச் சீமெந்துத் தொட்டியில கிடையாக் கிடக்கிறது ஏழெட்டு. அம்மா கிணத்து மீனைக் கடகத்தால வடிச்சுத் தொட்டிக்கை விட்டிட்டா. கிணத்துக்கு வலை போடப் போறம். எந்தக் கண் வலை வாங்கிறது?

விலங்கியல் மாணவி:
நுளம்பு வலைக் கண்தான். மீன்வலை வேண்டாம். கட்டோட இறுக்கிக் கட்டுங்கோ, வாளி இறக்கிற இடத்துக்கும் மூடி வேணும். தொட்டியில கண்டதைப் பி.எச்.ஐ.யிட்டை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கோ, எந்த இனம் எண்டு பாக்கோணும். இந்த முறை மறுமொழியைக் கேட்டு வாங்குங்கோ.