பாரன்ஹீட் 451 கூட்டு வாசிப்பு: கவனிக்க வேண்டியவை

ஓசூர் வாசகர்:
பழைய ஆங்கிலப் பிரதி வாங்குறவங்க எந்தப் பதிப்புன்னு பார்த்து வாங்குங்க. ரே பிராட்பரி நாவல் வந்தது 1953-ல். 1967-ல் பள்ளிக்கூடத்துக்குன்னு பதிப்பகமே ஒண்ணு போட்டு, அவருக்குத் தெரியாமலே 75 இடத்துக்கு மேல கை வெச்சுது. 1973 முதல் 1979 வரை கடைக்கு வந்தது அதுதான். புத்தகம் எரிக்கிற கதைக்கே இந்தக் கதி! திருத்தியிருக்கோம்னு ஒரு வரி இருக்காது. குடிகாரன் நோயாளி ஆகியிருந்தா, தொப்புள் அழுக்கு எடுக்கிறது காது குடையறதா மாறியிருந்தா, வெட்டுப்பட்ட பிரதி. ஆசிரியர் பின்னுரை சேர்ந்தது பரவாயில்லை.

பாலக்கோடு ஆசிரியர்:
451 பாரன்ஹீட்ங்கிறது செல்சியஸ்ல சுமார் 233. அந்தச் சூட்டுல காகிதம் டக்குனு பத்திக்கும்னு பிள்ளைங்க எழுதிடுறாங்க. காகிதத்தோட தடிமன், ஈரம், எவ்வளவு நேரம் சூடு படுதுங்கறதைப் பொறுத்து அது மாறும் சார். மூடிக் கிடக்கிற தடிப் புத்தகத்துக்குள்ள காத்து போகாது. ஓரம் கருகும், நடுவுல எழுத்து அப்படியே நிக்கும். நாவல்ல மண்ணெண்ணெய் அடிக்கிறது சும்மா இல்லை.

பென்னாகரம் தோழர்:
கடைசியில புத்தகத்தை மனசுல சுமக்கிறவங்க வர்றாங்களே, அதைச் செஞ்சு பார்க்கலாம். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு வாரம், தினம் 4 வரி. முந்தின நாள் கடைசி வரியிலிருந்து தொடங்கணும், இல்லேன்னா துண்டு துண்டா நிக்கும். குறள் எதுகை மோனையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடும். உரைநடைதான் காலை வாரும். ஒரே பக்கத்தை 2 பேருக்குக் கொடுத்து, பாக்காம எழுதச் சொல்லி ஒத்துப் பாருங்க. முதல்ல உதிர்றது ‘ஆகவே’, ‘இருந்தும்’. அடுத்து ‘அஞ்சினான்’ ‘பயந்தான்’ ஆகும். அப்புறம் ஊர்ப்பேரும் எண்ணும். காதால கேட்டா ஒண்ணும் குறைஞ்ச மாதிரியே தெரியாது, அதனால எழுத்துல சரிபாருங்க.

தருமபுரி வாசகர்:
கூட்டத்தைப் பாப்பாரப்பட்டியில வெச்சா என்ன? சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடின ஊர். அவரோட தோழர் பாரதியின் பாட்டுப் புத்தகங்களை 1928-ல் பர்மா அரசு தடை பண்ண, சென்னை மாகாணமும் பறிமுதல் பண்ணுச்சு. சத்தியமூர்த்தி சட்டசபையில எதிர்த்துப் பேசினார். மனப்பாடத்துக்கு அந்த தேசிய கீதங்களையே எடுத்துக்கலாமே, தோழர்?

பென்னாகரம் தோழர்:
எடுக்கலாம். ஆனா மெட்டோட பாடிப் பழகினவங்களுக்கு 2-வது சரணமும் 3-வதும் இடம் மாறிடும். முதல் வார்த்தைகளை மட்டும் வரிசையா ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வெச்சுக்கங்க.