ஐ7 வாங்கினேன், ஐ5 மாதிரி ஓடுகிறது. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வேலூர்க்காரன்:
போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் ஐ7-12700 பிராசசர் வாங்கினேன். காசெல்லாம் பிராசசருக்கே போய்விட, மதர்போர்டுக்கு மிஞ்சியது ஆறாயிரத்துச் சொச்சம். கடைக்கார அண்ணன் எச்610 என்ற மலிவு வகை போர்டை எடுத்து வைத்து, "சாக்கெட் ஒண்ணுதான் தம்பி, ஓடும்" என்றார். ஓடத்தான் செய்கிறது. ஆனால் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் மற்றவர்கள் 21 ஆயிரம் காட்டுகிறார்கள், எனக்கு 14 ஆயிரத்தைத் தாண்டவில்லை. சிங்கிள் கோர் மதிப்பெண் மட்டும் சரியாக வருகிறது. தெர்மல் பேஸ்ட் இரண்டு தடவை மாற்றினேன், விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். சூடு 60 டிகிரிகூட இல்லை. பிராசசரே டூப்ளிகேட்டோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

பழைய சால்டரிங்:
டூப்ளிகேட் எல்லாம் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். ஒரு கோர் மட்டும் ஓடினால் கரண்ட் அதிகம் தேவைப்படாது, அதனால்தான் அதில் குறை தெரியவில்லை. சோதனை ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பேக்கேஜ் பவர் (பிராசசர் இழுக்கும் வாட்) வரியைப் பாருங்கள். அரை நிமிடம் எகிறிவிட்டு 65 வாட்டில் வந்து உட்கார்ந்துவிடும். இந்த பிராசசருக்கு இன்டெல் சொன்ன கணக்கே அதுதான்: நிலையாக 65 வாட், டர்போவில் 180 வாட், அதுவும் 28 விநாடிக்கு. விலை கூடிய போர்டுகள் பல அந்த 28 விநாடியைக் கண்டுகொள்ளாமல் திறந்துவிடுகின்றன. நீங்கள் பார்த்த 21 ஆயிரம் அப்படி வந்தது. நியாயமாகப் பார்த்தால் உங்கள் போர்டுதான் ஒழுங்கான பிள்ளை! பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) பிஎல்1, அதாவது நிலையான வாட் எல்லை, இருந்தால் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். ஒரேயடியாக 180 வேண்டாம்.

வேலூர்க்காரன்:
நீங்கள் சொன்ன அதே 65. நேற்று ராத்திரி 125 வைத்தேன். நாலு நிமிடம் ஜோராக ஓடியது, அப்புறம் தடாலென்று 800 மெகாஹெர்ட்ஸ். திரும்ப ஏறுகிறது, திரும்ப விழுகிறது. பிராசசர் அப்போதும் 70 டிகிரிதான்! பக்கக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். சாக்கெட்டுக்கு இடப்பக்கம் குட்டிக் குட்டிக் கறுப்புச் சில்லுகள், மேலே சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் எதுவும் இல்லை. பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே தோசைக்கல் மாதிரி அனல்.

ரெண்டர் ராணி:
அந்த அனலை நானும் பட்டிருக்கிறேன். என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர், விலை மலிந்த ஏ520 போர்டு. முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும். கல்யாண வீடியோ ரெண்டர் போட்டால் பாதியில் படுத்துவிடும். கூலர் போதவில்லை என்று நினைத்து லிக்விட் கூலர் வாங்கினேன். மதிப்பெண் இன்னும் குறைந்தது! பழைய கூலரின் விசிறி கீழ்நோக்கி ஊதியபோது அந்தச் சில்லுகளுக்கும் காற்று கிடைத்திருக்கிறது. லிக்விட் வந்ததும் அதுவும் போச்சு. கடைசியில் கேபினட்டைத் திறந்து டேபிள் ஃபேனை நிறுத்தினேன், ரெண்டர் முடியும்வரை வேகம் குறையவே இல்லை. என் மாமியார் "இதுக்கும் வேர்க்குதா?" என்றார்.

பழைய சால்டரிங்:
அந்தச் சில்லுகள்தான் விஆர்எம், பிராசசருக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி. பவர் சப்ளை தருவது 12 வோல்ட், பிராசசருக்கு வேண்டியது 1.2 வோல்ட் அளவில். 180 வாட்டை 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள்: 150 ஆம்பியர். அத்தனையும் அந்தக் குட்டி மாஸ்ஃபெட்கள் (மின் சுவிட்ச் சில்லுகள்) வழியாகத்தான் போக வேண்டும். பத்தில் ஒரு பங்கு வீணானாலும் பதினைந்து வாட்டுக்கு மேல் சூடு. நல்ல போர்டில் அதைப் பல ஃபேஸ் (தனித்தனி மின்பாதைகள்) பங்கு போட்டுக்கொள்ளும், மேலே அலுமினியமும் இருக்கும். மலிவு போர்டில் நாலைந்து பேர் சேர்ந்து மூட்டை தூக்குகிறார்கள். சூடு எல்லை தாண்டினால் போர்டு பிராசசரிடம் "நிறுத்து" என்று சிக்னல் கொடுக்கும். அந்த 800 அதுதான். போர்டு எரியாமல் இருப்பதற்கு அதற்கு நன்றி சொல்லுங்கள்.

சிக்கன சிகாமணி:
எச்610-ஐ ரொம்பத் திட்டாதீர்கள். என் ஐ3-12100எஃப் அதே மாதிரி மொட்டை போர்டில்தான் ஓடுகிறது, டர்போவிலேயே 89 வாட்தான். மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறையவில்லை. 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் சோதனையில் மட்டும் அடி வாங்கினேன். அது ரேம் ஒரே குச்சியாகப் போட்டதால், போர்டு மேல் பழி இல்லை.

வேலூர்க்காரன்:
கடையில் கேட்டேன், "பில் போட்டதை மாத்த முடியாது தம்பி." சரி, பிஎல்1-ஐ 95-இல் வைத்து, பழைய கேபினட்டிலிருந்த 120 மிமீ விசிறியை அந்தச் சில்லுகளைப் பார்த்து ஜிப் டை போட்டுக் கட்டிவிட்டேன். இன்று மதியம் மூன்று சுற்று ஓடியது, மூன்றும் 17 ஆயிரத்துக்குப் பக்கம். விசிறிதான் லேசாகக் கடகடக்கிறது, நாளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.