வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள் தமிழில் இருக்கிறதா?

வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையத்தில் சிறப்பாசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் கோப்புகளில் ஐ.க்யூ. எண்ணும் ஊனச் சதவீதமும் இருக்கின்றன. அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒரு வரிகூட இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

வாழ்க்கைத் தரத்துக்கு ஆய்வாளர் ராபர்ட் ஷாலக் வகுத்த எட்டுக் கூறுகளில் உரிமைகளும் சுயமாக முடிவெடுப்பதும் தனித்தனியே வருகின்றன. தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது. நடைமுறையில் அது யார் கையில் இருக்கிறது? அறைக்குள் நுழைவோர் கதவைத் தட்டுகிறார்களா? இவற்றைக் கேட்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பலர் எதைக் கேட்டாலும் “ஆமாம்” என்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் அது அம்மாவின் கருத்தாகிவிடுகிறது.

‘பர்சனல் அவுட்கம்ஸ் ஸ்கேல்’ போன்ற கருவி எதையாவது தமிழில் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? படங்களைக் காட்டிக் கேட்டவர்களும், பேச்சு வராதவர்களை உற்றுநோக்கிப் பதிவுசெய்தவர்களும் உங்கள் முறையைத் தயவுசெய்து எழுதுங்கள்.