புதுப்பிப்பு: பம்பையா, யுகுலேலேவா?

வீடியோ செய்கிறவர்களுக்கு ஆயத்த இசையை உரிமத்தோடு விற்கும் ஸ்டாக் மியூசிக் தளங்களில் ஓடுகிற யுகுலேலே (சின்ன கிட்டார் போன்ற கருவி), கைதட்டல், விசில் பாணியிலேயே நானும் போடுவதா, இல்லை எங்கள் குடியாத்தம் பக்கத்துப் பம்பை மேளத்தை வைத்துச் செய்வதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "இரண்டையும் கல" என்றார் ஒரு அண்ணன். அதைத்தான் செய்தேன்.

பம்பைக்காரர்கள் இரண்டு பேரைக் காட்பாடி வீட்டுக்கே வரவழைத்து, கூலி கொடுத்து, விற்பனைக்கான ஒப்புதலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். இதைத் தவிர்க்கவே கூடாது. வாசித்தவரின் சம்மதம் இல்லாத ஒலியை உரிமம் போட்டு விற்க மனசு வராது, சட்டப்படியும் சிக்கல்.

சிக்கல் வேகத்தில் வந்தது. அம்மன் அழைப்பு அடி போகப் போக ஏறும், அதுதான் அதன் உயிர். வீடியோ வெட்டுகிறவருக்கோ ஒரே சீரான தாளம் வேண்டும். அதனால் ஹெட்போனில் 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் கிளிக் டிராக்கை நிமிடத்துக்கு 120 அடியில் வைத்து, நான்கு நான்கு சுற்றாக வாசிக்கச் சொன்னேன். முதல் அரைமணி நேரம் இருவரில் பெரியவருக்குக் கை ஓடவே இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நான் எதிரில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டதும் பிடித்துக்கொண்டார்.

பம்பைக்குக் கீழே, எல்லோருக்கும் பழகிய நான்கு கார்டு (சுரக்கூட்டு) கிட்டார். வீடியோவில் பேசுகிறவரின் குரலுக்கு இடம்விட, பேச்சு தெளிவாகக் கேட்க உதவும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை பம்பையைச் சற்றுக் குறைத்தேன். 60, 30, 15 விநாடி வடிவங்களும் உண்டு. தலைப்பில் பம்பை என்று போட்டாலும், தேடுசொற்களில் 'திருவிழா', 'பயணம்', 'உற்சாகம்' சேர்த்தேன்.

யுகுலேலே டிராக்குகள்தான் இன்னமும் அதிகம் விற்கின்றன. ஆனால் பம்பை டிராக்கை வாங்கியவர் ஒருவர், இதே போல் வேறு இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பெரியவர் மறுபடி வருகிறார்.