ஸ்க்ராட்ச்போர்டு உருவப்படம்: மறுபடி மை பூசிய இடம் பொடிந்து உதிர்கிறது

வணக்கம். ஸ்க்ராட்ச்போர்டில், அதாவது மேலுள்ள கறுப்பு மையைக் கீறி அடியிலுள்ள வெள்ளையை வெளிக்கொண்டுவரும் பலகையில், என் பாட்டியின் முகத்தைக் கீறி வருகிறேன். இடது கன்னத்தின் வெளுப்பைக் கொஞ்சம் அடக்க, இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையை நீர்த்துப் பூசினேன். காய்ந்ததும் அந்த இடம் மட்டும் பளபளக்கிறது, சுற்றியுள்ள கறுப்போடு சேரவில்லை. அதைவிடப் பெரிய கவலை, அங்கே மறுபடி கீறினால் கோடு மெலிதாக விழாமல் ஓரம் பொடிந்து உதிர்கிறது. மற்ற இடங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

பலகை 8க்கு 10 அங்குலம். ஹார்டுபோர்டின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு, அதன்மேல் கறுப்பு மை. சுருக்கங்களுக்கு 11ஆம் எண் எக்ஸ்-ஆக்டோ பிளேடு, நரைமுடிக்கு ஃபைபர்கிளாஸ் பிரஷ். ஊர் நாகப்பட்டினம். ஆகஸ்டில் தொடங்கிய படம். மழைக்காலம் வந்தபிறகுதான் இந்தத் தொல்லை. ஈரப்பதம் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிளேடை மாற்றிவிட்டேன். டிஸ்டில்டு வாட்டரில் இன்னும் நீர்த்து, ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் காயவிட்டும் பார்த்தேன். 0000 ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய எஃகு நார்) லேசாகத் தேய்த்தால் பளபளப்பு போகிறது, ஆனால் கண்ணோரத்து மெல்லிய சுருக்கங்களும் கூடவே மங்குகின்றன. அந்தச் சுருக்கங்களில்தான் பாட்டியின் சிரிப்பே இருக்கிறது, அதை இழக்க மனமில்லை. அக்ரிலிக் மையைப் பலகையின் ஓரத்தில் சோதித்தேன். நிறம் ஒத்துப்போகிறது, கீறும்போது தோல்போல உரிந்து வருகிறது. வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை.

களிமண் பலகையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: மறுபடி கீறும்போது உதிராமல் இருக்க, எந்த மையை எப்படிப் பூசுகிறீர்கள்?