பாவத்தை விட்டவர்களை நேரில் கண்டதுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சோமனூர் வாசகர்:

எங்கள் வீட்டில் அப்போது ஜவுளி உற்பத்தி. பாவும் ஊடை நூலும் விசைத்தறிக்காரர்களுக்குக் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்குவோம். கொடுத்த நூலின் எடைக்கும் வந்த துணியின் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிவு என்று எழுதுவார்கள். வில்லங்கமே அந்தக் கழிவில்தான். எவ்வளவு நூல் உண்மையில் வீணானது, எவ்வளவு வெளியே விலைபோனது என்று லேசில் கண்டுபிடிக்க முடியாது.

தறிகளை எப்போதோ விற்றுவிட்ட ஒருவர் ஒருநாள் அப்பாவைத் தேடி வந்தார். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கழிவு என்று கணக்குக் காட்டி உங்கள் நூலை விற்றிருக்கிறேன், முதலாளி" என்று பணத்தை நீட்டினார். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, இதைச் சொன்னாராம். மன்னிப்பு உண்டு, ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று அந்தப் பாதிரியார் சொல்லிவிட்டாராம்.

அப்பாவுக்கு முருகனைத் தவிர வேறு தெய்வம் தெரியாது. யாருக்கும் தெரியாததை எதற்கு இப்போது கிளறுகிறாய் என்று கேட்டார். "பைபிளில் வரி வசூலிப்பவர் சகேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னார். அவர் பணக்காரர், எனக்கு அது கட்டாது. பைபிளில் உள்ள மோசேயின் சட்டப்படி ஐந்தில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறேன்" என்றார் அவர். அப்பா தயங்கினார். வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்று உள்ளேயிருந்து அம்மாதான் குரல் கொடுத்தார். பேரேட்டில் 'பழைய வரவு' என்று ஏறியது.

கோவை வாசகர்:

எங்கள் தமிழாசிரியர் முன்கோபி. வகுப்பு நடுவே சட்டென்று நெஞ்சில் கைவைப்பார். இதய நோய் என்று நாங்கள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம்! அவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் போனபோது மேசையில் ஒரு குறிப்பேட்டைப் பார்த்தேன். வாரத்தின் நாள்களுக்கு நாளொன்றுக்கு இரண்டாகக் கோடுகள், கீழே போகப் போகக் குட்டையாக, அவற்றின்மேல் புள்ளிகள்.

இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் பயிற்சி அது என்று விளக்கினார். 1548இல் திருத்தந்தை ஒப்புதல் அளித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் தீர்மானம், மதியமும் இரவும் கணக்கு, அந்தக் குற்றத்தில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. விழுந்த உடனே நெஞ்சில் கைவைக்க வேண்டும், கூட்டத்தின் நடுவிலும் பிறர் கவனிக்காதபடி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. தான் திட்டிய பையனையே மறுநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கவிதையை வாசிக்கச் சொல்வார். கோபத்துக்கு எதிரான புண்ணியம் பொறுமை என்று கிறிஸ்தவ மறைக்கல்விப் புத்தகமான பழைய ஞானோபதேசத்தில் படித்ததைச் செய்துபார்த்தேன் என்றார்.

ஈரோடு வாசகி:

புள்ளி குறைந்தால் கர்வம் வராதா? ஏழு தலையான பாவங்களில் முதலில் நிற்பதே அதுதான். செய்ய விரும்பும் நன்மையை விட்டு, விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்று பைபிளில் ரோமர் 7இல் திருத்தூதர் பவுலே புலம்புகிறார். கடவுளின் கிருபை இல்லாமல் கணக்கு மட்டும் எதற்காகும்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் சித்தப்பா குடியை விட்டார். விட்ட பிறகு அவரோடு ஒரே வீட்டில் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. குடிக்கிறவன் எவனைக் கண்டாலும் வசைபாடுவார். பெருக்கிச் சுத்தமாக்கிய வெறும் வீட்டுக்கு ஏழு ஆவிகளோடு பழைய ஆவி திரும்பி வந்ததை இயேசு சொன்னாரே, லூக்கா 11, அது நினைவுக்கு வரும். குடியை விட முயல்கிறவர்களோடு இரவில் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகே அவர் முகம் மாறியது. பவுலின் கடிதமான எபேசியர் 4:28உம் திருடனைத் திருடாதே என்று சொன்னதோடு விடவில்லை. உழைத்து, இல்லாதவனுக்குக் கொடு என்கிறது.

பல்லடம் வாசகர்:

சோமனூர் அண்ணா, பணத்தை இழந்தவர் இறந்திருந்தால் யாரிடம் கொடுப்பது?

சோமனூர் வாசகர்:

எங்களிடம் பணம் கொண்டுவந்தவருக்கே அப்படி ஒரு பாக்கி இருந்தது, தம்பி. வாரிசிடம் கொடுக்க வேண்டும். உரியவர் யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு என்று இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். இவர் நூல் எடுத்த இன்னொரு முதலாளி இறந்துபோயிருந்தார். அவருடைய மகள் அவினாசியில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா, தன் அப்பாவுக்கு இப்படியொரு வரவு இருந்ததே தெரியாது என்று சொல்லி ரசீது எழுதிக் கொடுத்தாராம்.